காற்றுத் துளை

பதினொன்றேகால் என்று சுவர்க்கடிகாரம் காட்டுவது பகலையா இரவையா என்று ஒருகணம் தடுமாறிப் பிறகு பகல் என்று தீர்மானித்தேன். எழுந்ததும் பிள்ளையார் படத்துக்கு முன்னால் விளக்குத் திரியைத் தூண்டியது நினைவிருக்கிறது, அதற்குப் பிறகு இன்னும் ஒரு பிடியும் சாப்பிடவில்லை, ஆகவே இது பகல்தான். கார்த்திகைத் தொடக்கத்திலிருந்து பொங்கல் வரைக்கும் இந்த ஊருக்குச் சூரியன் வருவதில்லை. நோர்வேயின் வடக்கு விளிம்பில், கடலுக்குள் நீட்டிய ஒரு பாறையின் மேல், மீன் பதனிடும் ஆலையைச் சுற்றி எழுந்த இருநூறு வீடுகளில் ஒன்று எங்களுடையது. இருட்டில் எழும்பி இருட்டில் உறங்கும் இந்த இரண்டு மாதத்துக்கு முப்பத்தைந்து வருடத்தில் பழகிவிட்டேன் என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லி வருகிறேன். மற்றைய வருடங்களில் நண்பகலில் ஒரு நீலம் வந்து, கழுவிய பாத்திரத்தின் அடியில் நிற்கும் தண்ணீரைப்போலக் கொஞ்ச நேரம் நின்று, வற்றிவிடும். இன்று அதுவும் இல்லை. நேற்று முன்தினம் மாலை தொடங்கிய புயல் பனியைக் கொண்டுவந்து யன்னல்களின் மேல்விளிம்பு வரை ஏற்றிவிட்டது. வெளிக்கதவு வெளிப்புறமாகத் திறப்பது, இந்த நாட்டுக் கதவுகள் அப்படித்தான். நேற்று மத்தியானம் என் கணவரும் மகளும் தோள்கொடுத்துத் தள்ளியதில் ஒரு விரல் அளவுக்கு விலகியது, அந்த விரலளவு இடைவெளியால் அரித்த மாவைப்போலப் பனி உள்ளே கொட்டியது, சாத்திவிட்டார்கள். மின்சாரம் முதல் நாளே போயிற்று. கைபேசியில் நேற்று மாலையிலிருந்து ஒரு கோடும் இல்லை. ஆகவே மூவரும் விறகு அடுப்பு இருக்கும் இந்த ஒரே அறைக்குள் வந்து சேர்ந்தோம். நடைக்குப் போகும் கதவைச் சாத்தி அதன்மேல் இரட்டைப் பஞ்சுப் போர்வையை இவர் ஆணியடித்துத் தொங்கவிட்டார். கீழ்ச் சந்தில் நான் ஒரு கம்பளத்தைச் சுருட்டி வைத்தேன். "இனி எறும்பும் உள்ளுக்கு வராது," என்றார் இவர். எந்த வேலையைச் செய்தாலும் முடிவில் ஒரு வசனம் சொல்லாமல் சுத்தியலைக் கீழே வைக்க மாட்டார். இந்த ஊரில் கோடைகாலத்திலும் எறும்பு கிடையாது.

தலையிடி காதுக்குப் பின்னால் தொடங்கி, யாரோ ஈரத் துணியை மெல்ல முறுக்குவதுபோல முன்னுக்கு வந்துகொண்டிருக்கிறது. இருபத்தொரு நாள் பிள்ளையார் விரதத்தில் இது பதினேழாம் நாள். இருபத்தொரு இழையில் கட்டிய காப்பு இடது மணிக்கட்டில் நிறம் மங்கிவிட்டது, ஒரு நாளைக்கு ஒரு நேரச் சாப்பாடு, அறுபது வயது, தலையிடிக்காமல் என்ன செய்யும். காலையில் துளசிகா, என் ஒரே மகள், தெற்கே பள்ளிக்கூடமொன்றில் படிப்பிப்பவள், விடுமுறைக்கென்று வந்து இங்கே அகப்பட்டவள், நிலத்தில் விரித்த மெத்தையில் எழுந்து உட்கார்ந்து, "அம்மா, எனக்கும் தலை இடிக்குது. நான் விரதமில்லையே," என்றாள். இவர் சாய்மனைக் கதிரையில் படுத்தபடி, "கொம்மாவின்ர விரதத்தின்ர பலன் வீட்டிலை எல்லாருக்கும் பிரிச்சுக் குடுபடுது, பிள்ளை. எனக்கும் ஒரு பங்கு வந்திருக்கு," என்றார். நாங்கள் சிரித்தோம். சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் சிரித்தபோது தலைக்குள் ஏதோ ஒன்று இடம் மாறி மறுபக்கம் போய் மோதியது. பிறகு இவர் உறங்கிவிட்டார். இப்பொழுதும் உறங்குகிறார். வாயைத் திறந்தபடி, ஒரு கை நிலத்தைத் தொட. கன்னம் இரண்டும் சிவந்து, எவ்வளவோ காலத்துக்குப் பிறகு முகத்தில் ஒரு களை வந்திருக்கிறது. ஓய்வு பெற்ற பின் இவ்வளவு வடிவாக இவரை நான் பார்த்ததில்லை என்று நினைத்தேன், நினைத்துவிட்டு வெட்கப்பட்டேன், அறுபத்தாறு வயது மனிதரை இப்படிப் பார்த்துக்கொண்டு இருப்பது. அடுப்பில் விறகு மஞ்சளாக, சோம்பலாக எரிகிறது. இந்த விறகு நன்றாகக் காய்ந்தது, நேற்று வெள்ளைச் சுவாலையுடன் எரிந்தது, இன்று ஏன் இப்படி. நினைப்பு அந்த இடத்துக்கு வந்து, சேலைத்தலைப்பு கொக்கியில் மாட்டிக்கொள்வதுபோல ஒரு கணம் இழுபட்டு, பிறகு தானாகவே கழன்றுகொண்டது. என்னவோ நினைத்தேன். விறகைப் பற்றி. போகட்டும்.

வானொலி பேசிக்கொண்டிருக்கிறது. அதற்கு மின்கலம் வைத்தது நேற்று. வீட்டில் ஒன்றும் இல்லை என்று இவர் மேசை இழுப்பறைகளையெல்லாம் கவிழ்த்துத் தேடிவிட்டு, போன வருடம் துளசிகா வாங்கி வந்து கூரையில் பொருத்திய வெள்ளைப் பெட்டியிலிருந்து இரண்டைக் கழற்றி எடுத்தார். மணமில்லாத நச்சுக் காற்று வீட்டுக்குள் சேர்ந்தால் கத்தும் பெட்டி அது. "அப்பா, அதைக் கழற்றக் கூடாது," என்றாள் அவள். "ஒரு வருசமா அது ஒருக்காலும் வாயைத் திறக்கேல்லை. ரேடியோ எண்டால் ஏதேனும் சொல்லும்," என்றார் இவர். ரேடியோ சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. கடற்கரைச் சாலை மூடப்பட்டுள்ளது. பனி அகற்றும் வண்டி காற்றுத் தணிந்த பின்னரே புறப்படும். என் உதடுகள் தாமாக அசைகின்றன. நோர்வேஜிய வசனம் ஒன்று காதில் விழுந்தால் அரை மூச்சு பின்னால் அதன் தமிழ் என் வாயில் இருக்கும். பதினொரு வருடம் மீன் ஆலையில் நின்று முள் எடுத்தேன். அதற்குப் பின் இருபது வருடத்துக்கு மேலாகத் தொலைபேசியில் மொழிபெயர்த்தேன், புகலிடம் கேட்டவர்களுக்கும் விசாரித்த அதிகாரிகளுக்கும் நடுவில். அந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. சொல்பவர் "நான்" என்றால் மொழிபெயர்ப்பாளரும் "நான்" என்றே சொல்ல வேண்டும். "அவர் சொல்கிறார்" என்று சொல்லக் கூடாது. நான் சிறையில் இருந்தேன், நான் கடல் வழியாக வந்தேன், நான் என் தகப்பனின் உடலைப் பார்க்கவில்லை. ஆயிரம் பேருடைய நானாக இருந்திருக்கிறேன். இன்னொரு விதியும் உண்டு, அதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை: வாயிலிருந்து வசனம் போனதும் அதை விட்டுவிட வேண்டும், அடுத்த வசனத்துக்கு இடம் வேண்டும். பத்து நிமிடத்துக்கு முன்னாலோ, அரை மணிக்கு முன்னாலோ, வானொலி ஒரு நீண்ட வசனம் சொன்னது. நான் அதைச் சரியாகவே பெயர்த்தேன். விறகு அடுப்பு எரிப்போர் சுவரிலுள்ள காற்றுத் துளைகள் திறந்திருப்பதை உறுதிசெய்து கொள்ளவும். வெளிப்புறம் பனியால் மூடியிருப்பின் அதனை அகற்றவும். ஒரே வீட்டில் ஒருவருக்கு மேற்பட்டோருக்குத் தலைவலியோ குமட்டலோ காணப்படின் உடனே வெளிக்காற்றுக்குச் செல்லவும். உறுதிசெய்து கொள்ளவும் என்று முடித்தது எனக்குத் திருப்தியாக இருந்தது. பிறகு வானிலை. பிறகு ஒரு வயலின்.

வயலின் நின்றுவிட்டது. காற்று மட்டும் கூரையின் மேல் நடக்கிறது. ஷெல் வரும் சத்தத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, இது வந்து விழுவதே இல்லை, வந்துகொண்டே இருக்கும். எண்பத்தேழாம் ஆண்டு ஐப்பசியில், ஊரில் போர் நடந்தபோது, எங்கள் வளவில் பதுங்குவதற்கு வெட்டிய பங்கருக்குள் ஐந்து பேர் இருந்தோம்: அப்பா, அம்மா, நான், தம்பி குகதாசன், பக்கத்து வீட்டுப் பாக்கியலட்சுமி அக்கா. தம்பி வெளியே போனான், திரும்பி வரவில்லை. நடந்தது இவ்வளவுதான். ஆனால் இவ்வளவை மட்டும் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. அம்மா சொல்வது, அவன் பசுவை அவிழ்த்துவிடப் போனான் என்று. செத்தவீட்டில் அவ சொன்னபோது வெறும் பசு. முப்பத்தோராம் நாள் சடங்கில் பசுவுக்கு நிறை மாதம். நான் நோர்வேக்கு வந்து ஐந்து வருடம் கழித்துத் தொலைபேசியில் சொன்னபோது பசு அவனுடைய பெயரைச் சொல்லிக் கத்தியது. அப்பா சொல்வது, அம்மாவுக்குத் தண்ணீர் எடுக்கப் போனான் என்று. அம்மா இருக்கும்போது அப்பா அதைச் சொல்வதில்லை. பாக்கியலட்சுமி அக்கா சொல்வது, வெளியிலிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள் என்று. குரல் ஆணுடையதா பெண்ணுடையதா என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் யோசித்துத்தான் சொல்லுவா. நாலாவது, நான் புகலிடம் கேட்டபோது அதிகாரிக்குச் சொல்லி எழுதப்பட்டது: எனது சகோதரன் தாக்குதல் ஓய்ந்துவிட்டதா என்று பார்க்க வெளியே சென்றான். கையெழுத்துப் போட்டிருக்கிறேன். விசாரணை அறைகளில் அதிகாரிகள் இப்படிப்பட்ட வேறுபாடுகளைப் பிடித்துக்கொண்டு, முந்திய நேர்காணலில் தண்ணீர் என்றீர்கள், இப்பொழுது பசு என்கிறீர்கள், எது உண்மை என்று கேட்பார்கள். அவர்களிடம் எனக்குச் சொல்லத் தோன்றும், சொல்ல எனக்கு அனுமதி இல்லை: பொய் சொல்கிறவன்தான் ஒரே மாதிரிச் சொல்லுவான். ஒரு சாவை நாலு பேர் சுமந்தால் அது நாலு தோளின் வடிவத்துக்கு வளையும். மாறுவதைப் பார்க்காதீர்கள், மாறாமல் நிற்பதைப் பாருங்கள். எங்களுடைய நாலு சொல்லல்களிலும் மழை உண்டு. நாலிலும் அவன் பங்கர் வாசலில் தலையைக் குனிகிறான். நாலிலும் ஒரு காலில் மட்டும் செருப்பு. பசுவை அவிழ்க்கப் போகிறவன் இரண்டு செருப்பையும் போடலாம், தண்ணீருக்குப் போகிறவன் இரண்டையும் விட்டுவிட்டுப் போகலாம். ஒரு செருப்போடு போகிறவன் எதற்காகப் போகிறான். ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை, இந்த முப்பத்தேழு வருடத்தில்.

வயிற்றைப் புரட்டுகிறது. வெறும் வயிறு. எழும்பிக் கொஞ்சம் சீனித் தண்ணீர் குடித்தால் விரதம் முறியாது என்று நினைக்கிறேன், நினைப்பதற்கும் கால் அசைவதற்கும் நடுவில் ஒரு பெரிய வெளி கிடக்கிறது, ஆலையின் குளிர் அறையைப்போல. எதிரே சுவரில் தமிழ்க் கடை நாட்காட்டி. மார்கழி பிறந்தும் தாளைக் கிழிக்கவில்லை. நாட்காட்டி சுவரோடு படியாமல் நடுவில் கொஞ்சம் மேடாக நிற்கிறது. அதன் பின்னால் வட்டமான வெள்ளை மூடி ஒன்று இருக்கிறது, உள்ளங்கை அகலம். இந்த வீட்டை வாங்கிய முதல் மாரியில் அதன் வழியாகக் குளிர் ஒரு கையைப்போல உள்ளே நீண்டு வந்து என் பிடரியைத் தொட்டது. "வீடு கட்டின மனுசன் சுவரிலை ஓட்டையை ஏன் விட்டவன், பூனை வளர்த்தவனோ?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டேன். இவர் அப்பொழுது இரவு வேலைக்குப் போய்வந்து உறக்கத்தில் இருந்தார். இவர் இடுப்பில் கட்டும் பழைய சாரம் ஒன்றைக் கிழித்து, உருட்டி, மூடியைக் கழற்றி, துளைக்குள் கை போகுமட்டும் அடைத்து, மூடியைத் திரும்பப் போட்டேன். அதற்குமேல் நாட்காட்டி. அன்றிலிருந்து இருபத்தெட்டு நாட்காட்டிகள். இங்கே உள்ள எங்கள் சனம் எல்லாருமே அப்படித்தான் செய்தார்கள், ஒருவர் வீட்டில் பழைய சேலை, இன்னொருவர் வீட்டில் அரிசிச் சாக்கு. குளிருக்குக் காசு கட்டி விறகு வாங்கிவிட்டுச் சுவரில் ஓட்டையைத் திறந்து வைப்பதற்கு நாங்கள் என்ன விசரரோ என்று திருவிழாவில் சந்தித்தால் பேசிச் சிரிப்போம். பின்னாளில் யாரோ வந்தபோது இவர், "நான்தான் அதை அடைச்சனான், என்ர வேலை," என்று சொன்னதைக் கேட்டேன். திருத்தவில்லை. பெரிய விடயமா என்ன. சாரம் இவருடையதுதானே. அடைத்தது. துளை. சுவரிலுள்ள. ஏதோ ஒரு வசனம் சுவரிலுள்ள என்று தொடங்கியது, அதன் வினைமுற்று எங்கே போயிற்று.

"அம்மா."

துளசிகா கண்ணைத் திறக்காமல் பேசுகிறாள். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் இப்படித்தான் கூப்பிடுவாள், கூப்பிட்டுவிட்டு நான் கேட்கும்வரை பொறுத்திருப்பாள்.

"என்னம்மா?"

"காத்து இல்லாத மாதிரிக் கிடக்கு. அந்தப் போர்வையைக் கொஞ்சம் விலத்துங்கோவன்."

"குளிர் வந்திடும். கொஞ்சம் பொறு."

சொல்லிவிட்டேன். சொன்ன சொல் அறைக்குள் போகாமல் என் முன்னாலேயே நிற்கிறது. கொஞ்சம் பொறு. இந்தக் குரலை எனக்குத் தெரியும், இது இந்த அறையின் குரல் இல்லை, இதில் மண் மணமும் ஈரச் சாக்கின் மணமும் இருக்கிறது. பங்கரின் கூரைக்குள்ளால் ஒரு காற்றுக் குழாய் விட்டிருந்தார் அப்பா, கிணற்றுக்கு வாங்கிய குழாயில் மிஞ்சிய துண்டு. அன்று மழை. குழாயால் தண்ணீர் வந்து அம்மாவின் தலையில் சொட்டிக்கொண்டிருந்தது, அம்மாவுக்கு ஏற்கெனவே சளி. நான் துவாயைச் சுருட்டிக் குழாய்க்குள் அடைத்தேன். வாசலில் மண்மூட்டையும் மழைக்குத் தொங்கவிட்ட படங்கும். உள்ளே ஒரு சிமிழ் விளக்கு எரிந்தது. அப்பாவும் அம்மாவும் அக்காவும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உறங்கிப்போனார்கள், அந்தச் சத்தத்துக்குள் எப்படி உறங்கினார்கள் என்று நான் அதிசயப்பட்டேன். தம்பி மட்டும் விழித்திருந்தான். "அக்கா, மூச்சு முட்டுது. அந்தத் துவாயை எடு," என்றான். நான் சொன்னேன், "மழை அடிக்குது. கொஞ்சம் பொறு." இரண்டாம் தரமும் கேட்டான். இரண்டாம் தரமும் அதையே சொன்னேன், அக்கா என்ற அதிகாரத்தோடு. அவன் மூன்றாம் தரம் கேட்கவில்லை. இருட்டில் காலால் செருப்பைத் தேடினான், ஒன்றுதான் அகப்பட்டது, "வாசலிலை நிண்டு ரெண்டு மூச்சு எடுத்திட்டு வாறன்," என்று படங்கை விலக்கித் தலையைக் குனிந்தான். ஐந்தாவது சொல்லல் இது. இதற்குப் பசு இல்லை, தண்ணீர் இல்லை, கூப்பிட்ட குரலும் இல்லை. இதைக் கேட்டவர் ஒருவரும் இல்லை. சத்தம் ஓய்ந்த பின் மற்றவர்கள் கண்விழிப்பதற்குள் நான் துவாயை உருவி எடுத்துப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டேன். எழும்பியவர்களுக்கு, ஒரு செருப்போடு தலையைக் குனிந்து வெளியே போனான் என்பதை மட்டும் சொன்னேன். குழாயால் மழைத் தண்ணீர் முன்போல ஒழுகியது.

சுவரிலுள்ள காற்றுத் துளைகள் திறந்திருப்பதை உறுதிசெய்து கொள்ளவும்.

வினைமுற்று வந்து சேர்ந்துவிட்டது. ஒருவருக்கு மேற்பட்டோருக்கு. மூவருக்கும். விரதமில்லாதவளுக்கும் இரண்டு நேரம் வயிறாரச் சாப்பிட்டவருக்கும். நான் என் வாயால் சொன்னேன், திருத்தமான தமிழில், இடைநிறுத்தம் தவறாமல், ஆருக்கோ சொல்வதுபோல. எவ்வளவு நேரம் போயிற்று. பதினொன்று முப்பத்தெட்டு என்கிறது கடிகாரம், அல்லது அதற்கு மேல், முட்கள் தண்ணீருக்குள் கிடப்பதுபோல அசைகின்றன. இவருடைய கன்னத்தின் சிவப்பு களை அல்ல. அடுப்பு சோம்பலாக எரிவது விறகின் குற்றம் அல்ல. அதற்கு மூச்சு இல்லை, புகைபோக்கியால் மேலே போக வேண்டியதைத் திருப்பி அறைக்குள் விடுகிறது. வெளியிலிருந்து எவரும் வரவில்லை. கதவு உட்புறமிருந்து ஆணியடிக்கப்பட்டிருக்கிறது, யன்னல்கள் பனிக்குள், சந்தில் கம்பளம். பொலிஸ் விசாரணைகளுக்கும் நான் மொழிபெயர்த்திருக்கிறேன், அவர்கள் முதலில் கேட்பது உள்ளே எத்தனை பேர் இருந்தீர்கள் என்பதைத்தான். மூன்று பேர். எங்களைக் கொன்றுகொண்டிருப்பவள் அந்த மூவரில் ஒருத்தி. எழும்பு. எழும்புகிறேன் என்று நினைத்தபோது நான் ஏற்கெனவே நிலத்தில் முழங்காலில் இருந்தேன், கதிரையிலிருந்து எப்பொழுது விழுந்தேன் என்று தெரியவில்லை. கதவு இவருக்கு அப்பால், நாலு ஆணி, என்னால் பிடுங்க முடியாது. யன்னல் பிடியைத் திருப்பினேன், பிடி திரும்பியது, யன்னல் ஒரு மயிர் அளவும் அசையவில்லை. துளைதான். தவழ்ந்தேன். அறைக்குள் பத்து அடி தூரம் இருக்கலாம். நடுவில் ஒரு தடவை, ஏன் தவழ்கிறேன் என்பது மறந்துபோய், கம்பளத்தின் பூவேலையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன், நல்ல பூவேலை, அப்படியே கன்னத்தை வைத்தால் மெத்தென்று இருக்கும். ஒரு செருப்பு. அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டேன். ஒரு செருப்போடு குனிந்தவன் காற்றைத் தேடிப் போனான். நாட்காட்டியை இழுத்தேன், ஆணியோடு வந்தது. மூடியைக் கழற்ற விரலில் பலம் இல்லை, காப்பு நூல் அதில் மாட்டிக்கொண்டது, பதினேழு நாள் நூல், இழுத்தேன், அறுந்தது, மூடியும் வந்தது. துணி உள்ளே இறுகிக் கல்லாகிக் கிடந்தது. பல்லால் கடித்து இழுத்தேன். இருபத்தெட்டு வருடத்துத் தூசியின் சுவை. சாரத்தின் முதல் முழம் வந்தது, பிறகு மிச்சமும் குடலைப்போல நீண்டு வந்தது, நீலக் கட்டம் நிறம் மாறாமல் இருந்தது. ஆனால் காற்று வரவில்லை. கையை விட்டேன். மறுமுனையில் பனி, இறுகி, வழவழப்பாக.

அடுப்போடு சாய்ந்து சூடேறிக் கிடந்தது தணல் கிளறும் இரும்புக் கம்பி. அதை எடுக்கத் திரும்பித் தவழ்ந்ததும், திரும்பி வந்ததும், இரண்டு தரம் குத்தியபோது கம்பி வழுக்கிச் சுவரில் பட்டதும் எனக்கு ஒழுங்கில்லாமல்தான் நினைவிருக்கிறது. சூட்டுக் கம்பி பனிக்குள் சீறியது. நெஞ்சை அதன் கைபிடியில் வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்துச் சாய்ந்தேன். என் பாரத்தால் நான் செய்த ஒரே நல்ல வேலை. ஏதோ உடைந்தது, கம்பி கைபிடி வரைக்கும் போயிற்று, உருவினேன். ஊளையிட்டுக்கொண்டு காற்று வந்தது. உப்பும் மீனும் கலந்த, வெட்டுகிற, இந்த ஊரின் காற்று. என் முகத்தில் அடித்தது. நான் ஒரு மூச்சுத்தான் எடுத்தேன், இரண்டாவதை எடுக்கப் பயமாக இருந்தது. மகளின் மெத்தையைப் பிடித்து இழுத்தேன், இழுபட்டது, அவளுடைய தலையைத் தூக்கித் துளைக்கு நேரே என் மடியில் வைத்தேன். முப்பது வயதுப் பெண்ணின் தலை இவ்வளவு பாரமா. "மூச்செடு. துளசி, மூச்செடு. அம்மா துணியை எடுத்திட்டன், நீ கேட்டபடி எடுத்திட்டன்." அவளுடைய வாய் ஓரத்தில் நுரை. நான் எண்ணவில்லை, எண்ணினால் நின்றுவிடும்போல இருந்தது. பிறகு அவள் இருமினாள். என் மடியிலேயே புளித்த தண்ணீராகச் சத்தியெடுத்தாள். கண்ணைத் திறந்து நோர்வேஜிய மொழியில் ஏதோ கேட்டாள், என் உதடுகள் வழக்கம்போல அதைத் தமிழாக்கின: எனக்கு என்ன நடந்தது.

அவள் இளம்பிள்ளை, எனக்கு முன்னால் எழும்பிவிட்டாள். சுவரைப் பிடித்து நடந்து போய், போர்வையை இரண்டு கையாலும் பற்றி, ஆணிகள் தெறிக்க இழுத்து விழுத்தினாள், கம்பளத்தை உதைத்துத் தள்ளிக் கதவைத் திறந்தாள், நடையிலிருந்த பனிக்குளிர் முழுவதும் ஒரே வீச்சில் உள்ளே வந்தது. மாடிப்படியில் அவள் விழுந்து எழும்பிப் போவதும் மேல் யன்னல் ஒன்று பலகையில் மோதித் திறப்பதும் கேட்டது. மேலே பனி ஏறவில்லை. துளைக்கும் கதவுக்கும் நடுவில் காற்று ஓடத் தொடங்கியது. அடுப்பு உறுமி, வெள்ளையாக எரிந்தது. இருவரும் சேர்ந்து இவரைச் சாய்மனையிலிருந்து உருட்டி, தோளில் பிடித்து, நடைவரைக்கும் இழுத்தோம். நான் இவருடைய நெஞ்சில் கை வைத்திருந்தேன். கன்னத்தில் அடித்தேன், கலியாணம் முடித்து முப்பத்து நாலு வருடத்தில் முதல் தரம். கடிகாரம் அறைக்குள் இருந்தது, எனக்குத் தெரியவில்லை எவ்வளவு நேரம் என்று. தம்பி கேட்ட நேரத்துக்கும் போன நேரத்துக்கும் நடுவில் இருந்த அளவு இருக்கலாம். கடைசியில் இவர் முகத்தைச் சுளித்து, கண்ணைத் திறக்காமலே, நாக்கு குழறச் சொன்னார்:

"ஆரடா கதவைத் திறந்து வைச்சது. குளிர் வருது."

துளசிகா நிலத்தில் உட்கார்ந்து, சிரிப்பா அழுகையா என்று பிரிக்கமுடியாத ஒன்றைச் செய்தாள். சிறிது நேரத்தில் இவர் எழும்பிச் சுவரில் சாய்ந்தார், தலையைப் பிடித்துக்கொண்டு, சத்தியெடுத்துவிட்டு, தண்ணீர் கேட்டார். பதில்கள் ஒழுங்காக வருகின்றனவா என்று அவள் இவருடைய பெயரையும் ஊரையும் வயதையும் கேட்டாள். வயதில் இரண்டைக் குறைத்துச் சொன்னார். "அப்ப சரியாத்தான் இருக்கிறார்," என்றேன் நான். வானொலி அறைக்குள் யாருக்கோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தது. காற்று மாலைக்குள் தணியும். சாலை இரவுக்குள் திறக்கப்படலாம். அவள் திரும்பிப் போய், அவிழ்ந்துகிடந்த சாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நீலக் கட்டம், கறுத்த ஓரம், என் எச்சில்.

"இது என்னது? இதையோ சுவருக்குள்ளை வைச்சிருந்தனீங்கள்? ஆர் அடைச்சது?"

"நான்தான்," என்றார் இவர். உடனே சொன்னார், கண்ணை மூடியபடி, இத்தனை வருடம் சொல்லிப் பழகிய சொல். "முதல் மாரியிலை. என்ர சாரம்தானே. என்ர விசர் வேலை, பிள்ளை. அம்மாவை ஏசாதை."

அவள் தலையை ஆட்டினாள். ஏற்றுக்கொண்டாள். ஒரு சொல்லல் எப்படிப் பிறக்கிறது என்பதை இருபது வருடம் தொலைபேசியில் கேட்டிருக்கிறேன், இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. முதல் தரம் சொல்லும்போது அது இன்னும் ஈரமாக இருக்கும், விரலால் அழித்துவிடலாம். சாலை திறந்து, பனி வண்டிக்காரன் வந்து, அவனுக்கு அவள் ஒரு தரம் சொல்லுவாள். வைத்தியசாலையில் ஒரு தரம். தொலைபேசியில், சொந்தத்தில் என் பெறாமகனுக்கும் மச்சாளுக்கும் ஒவ்வொரு தரம். அதற்குள் இவர் சாரத்தைக் கிழித்த சத்தமும் அதில் வந்து சேர்ந்துவிடும், வெளியில் அன்று வீசிய காற்றும், நான் வேண்டாம் என்று தடுத்ததும் கூட. நாலு நாளில் அது எங்கள் வீட்டின் கதையாகிவிடும், நன்றாகச் சொல்லக்கூடிய, கேட்பவர்கள் சிரிக்கக்கூடிய கதை. அதற்குப் பின் நான் சொல்வது வெறும் இன்னொரு சொல்லலாக இருக்கும். இவர் என் கையைத் தேடிப் பிடித்தார், காப்பு இருந்த மணிக்கட்டை, அங்கே நூல் இல்லை என்று விரலால் தடவிப் பார்த்தார். துளைக்குள்ளால் காற்று ஊளையிடுவது இங்கேயும் கேட்டது.

"இல்லை," என்றேன். "அப்பா அடைக்கேல்லை. நான்."

குரல் எனக்கே புதிதாக இருந்தது. எவருக்கும் அரை மூச்சு பின்னால் வராத குரல். துளசிகா சாரத்தை மடியில் வைத்தபடி என்னைப் பார்த்தாள், இவரும் கண்ணைத் திறந்தார்.

"உம்மை ஆரும் இப்ப கேட்டவையே," என்றார் மெல்ல, என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு. "விடும், யோகம்."

"கேக்கேல்லைத்தான்," என்றேன். "துளசி, போர்வையை எடுத்து அப்பாவுக்குப் போத்திவிட்டு இஞ்சை வந்து இரு. இதுக்கு முதலும் நான் ஒண்டை அடைச்சனான். மாமாவைப் பற்றி உனக்கு ஆர் என்ன சொல்லி வைச்சிருந்தாலும், அண்டைக்கு அவன் பசுவை அவிழ்க்கப் போகேல்லை."